திரையில் பெய்யும் மழை

போன இதழில் தூக்கமின்மை பற்றி எழுதும்போது, “படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் மழைச் சத்தம் கேளுங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் மேசையை நிறைத்துவிட்டன. காடு, அருவி, பறவை, கடல் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவை மனசுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து நாலு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். என் மகன் டேப்லெட்டில் அருவி, மழை, காடு என்று வீடியோ போட்டுக் கொடுக்கிறான். அம்மா அதைப் பார்த்தால் அமைதியாகிவிடுகிறார். எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். நிஜத்தைக் காட்ட முடியாமல் பொம்மையைக் கொடுத்து ஏமாற்றுகிறோமோ?
(வாசகி, ஈரோடு)

பதில்: அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள். இதே கேள்வியை நானும் மூன்று வருடம் சுமந்திருக்கிறேன்.

நான் பிறந்தது வால்பாறையில், ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு கோவைக்கு, என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ஆழியாறிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருப்பார். டிவியில் வெளிநாட்டு இயற்கைப் படங்களாகத் தேடித் தேடிப் போட்டேன். பனிமலை, நீலக் கடல், கழுகு. நான் சிரமப்பட்டுப் போடுகிறேனே என்பதற்காகப் பார்ப்பார். கண் அதில் நிற்காது.

ஒரு ஆடி மாதம் என் தம்பி, எங்கள் பழைய லயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்படியில் போனைச் சாய்த்து வைத்து, நாற்பது நிமிடம் அப்படியே ஓடவிட்டு அனுப்பினான். அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. தகரக் கூரையில் மழை. எதிர்ச் சரிவில் தேயிலை. மஞ்சு வந்து மூடும், விலகும். பாதி தூரம் போனதும் ஓடைப் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவி பாட ஆரம்பிக்கும். அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஆளில்லாத வழியில் ஒரு பையன் தன்பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு போவது போல இருக்கும், ராகம் பாதியில் மாறும், பிறகு மறந்துபோன மாதிரி நிற்கும். அந்தச் சத்தம் வந்ததும் அம்மா தலையைத் திருப்பினார். போர்வை மேல் கிடந்த வலது கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து போர்வையைக் கிள்ளின. கிள்ளி, உள்ளங்கைக்குள் தள்ளி, மறுபடி கிள்ளின. இரண்டு இலை, ஒரு மொட்டு. “மழை விட்டா நாளைக்கு நல்லா எடை வரும்” என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அந்த வீடியோ எங்கள் வீட்டில் தினமும் ஓடியது.

ஏமாற்று என்றா சொல்வீர்கள்? சலூன் சுவரில் அருவிப் படம் ஒட்டியிருப்பார்கள். மாதக் காலண்டரில் மலையும் ஏரியும் வரும். வருடம் முடிந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட மனசு வராமல் கதவில் ஒட்டி வைப்போம். போக முடியாத இடத்தைக் கண் முன்னால் வைத்துக்கொள்வது மனிதர்கள் எப்போதும் செய்துவந்ததுதான்.

இனி ஆராய்ச்சி சொல்வதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ராஜர் உல்ரிச் என்பவர் எடுத்துப் பார்த்தார். ஒரே மாதிரியான நோயாளிகளாக 23 ஜோடி. ஜோடியில் ஒருவருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவருடைய சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 1984ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வந்தது. அவரே 1991ல் 120 பேருக்கு மனசைப் பதறவைக்கும் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, பிறகு சிலருக்கு இயற்கைக் காட்சியும் சிலருக்கு நகரக் காட்சியும் வீடியோவில் காட்டினார். இயற்கையைப் பார்த்தவர்களின் உடம்பு சீக்கிரம் பதற்றம் தணிந்தது. பார்த்தது திரையில்தான், நினைவிருக்கட்டும்.

ஆனால் மறு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவள் ஆகமாட்டேன். 2008ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழுவினர் 90 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு மரமும் தண்ணீரும் தெரியும் கண்ணாடிச் சன்னல். சிலருக்கு அதே காட்சியை நேரலையில் காட்டும் பெரிய பிளாஸ்மா திரை. சிலருக்கு வெறும் சுவர். லேசான மன அழுத்தத்துக்குப் பிறகு, சன்னல் பக்கம் இருந்தவர்களின் இதயத் துடிப்புதான் வேகமாக இறங்கியது. திரைக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்துவது. வேப்பங்கிளையோ முருங்கையோ எதிர்வீட்டு மாடித் தொட்டியோ, எது தெரிந்தாலும் போதும். வெயில் ஏறி இறங்குவது தெரிந்தாலே படுக்கையில் இருப்பவருக்குக் காலை எது, மாலை எது என்று பிடிபடும். டேப்லெட் அதற்கு அடுத்தது. அதிலும் பேரனைக் கூப்பிட்டு, “பாட்டி எந்த ஊரில் வளர்ந்தார், அந்த வாய்க்கால் இன்னும் ஓடுகிறதா, போய் எடுத்துக்கொண்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். எடுக்கும்போது பேச வேண்டாம், பாட்டுச் சேர்க்க வேண்டாம், போனை அசைக்க வேண்டாம். வீடியோ ஓடும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருங்கள். அம்மா ஏதாவது சொல்வார். அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: ஷார்ஜாவில் கட்டுமான வேலை. ஒரே அறையில் ஆறு பேர். ஊர் செங்கோட்டைப் பக்கம். ராத்திரி படுத்ததும் குற்றாலச் சாரல் வீடியோ பார்ப்பேன். பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பார்த்தால் அழுகை வருகிறது. பார்க்கலாமா, விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அவ்வளவு வெயில். நம் ஊரில் சாரல் பிடிப்பதும் சரியாக அதே மாதங்கள்தான். உடம்பு ஒரு இடத்திலும் மனசு ஒரு இடத்திலும் கிடந்து இழுபடுவது உங்கள் பலவீனம் இல்லை.

அழுகையிலேயே இரண்டு வகை உண்டு. அழுது முடித்ததும் மூச்சு நிதானமாகி, கண் சொருகி, தூங்கிப்போய், காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்ப முடிந்தால், அந்த அழுகை உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. ஒரு வீடியோ முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் விரல் நகர்ந்துகொண்டே இருந்து, காலையில் நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தால், அது நல்லதில்லை. உங்களுக்கு எது நடக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ராத்திரியை வைத்து முடிவு செய்யாதீர்கள், காலையை வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். யாரோ எடுத்துப் போட்ட ஐந்தருவியை விட்டுவிடுங்கள். அதில் கூட்டம் குளித்துக்கொண்டிருக்கும், நீங்கள் இல்லாமல். உங்கள் வீட்டில் சொல்லி, வாசலில் பெய்யும் மழையை, மாட்டுக்கொட்டகை ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதை, அஞ்சு நிமிடம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. அதற்கு மறுநாள் பதில் அனுப்புங்கள், நீங்கள் பார்த்த ஏதாவது ஒன்றை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பீர்கள். மைனா இருக்கிறது. அமீரகத்தின் தேசிய மரமாக வைத்திருக்கிறார்களே, காஃப் என்று, அது வேறு எதுவும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிற அதே வன்னி. தண்ணீர் இல்லாத மணலில் வேரை ஆழமாக இறக்கி நிற்கிறது. வெள்ளிக்கிழமை நடந்து போய் அதன் நிழலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால், வீடியோவையும் என் பதிலையும் ஒதுக்கி வைத்துவிட்டு அறையில் இருக்கும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். தயங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 26 வயது. சென்னை ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட், ராத்திரி முழுக்கத் திரையில் அலர்ட் வருகிறதா என்று பார்க்கும் வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுக்கும்போது ஹெட்போனில் பறவைச் சத்தம் போட்டுக்கொள்கிறேன். இது வெறும் மனப்பிரமையா?
(வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: பிரமை இல்லை. ஜெர்மனியில் 295 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2022ல் வெளியிட்டார்கள். சிலருக்கு ஆறு நிமிடம் வண்டிச் சத்தம், சிலருக்கு ஆறு நிமிடம் பறவைச் சத்தம். பறவை கேட்டவர்களுக்குப் படபடப்பும், அடுத்தவர்களைப் பற்றிய வீண் சந்தேகமும் குறைந்தன. வண்டிச் சத்தம் கேட்டவர்களுக்கு மனச்சோர்வு கூடியது. ஆறே நிமிடம்தான்.

ஏன் இப்படி என்பதற்கு ரேச்சல், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் தம்பதி ஒரு விளக்கம் சொன்னார்கள். ராத்திரி முழுக்க நீங்கள் திரையில் அலர்ட் வருகிறதா என்று பார்க்கிறீர்களே, அது முயற்சி எடுத்து இழுத்துப் பிடிக்கும் கவனம். பிடித்த கை வலிப்பது போல அதுவும் வலிக்கும். இலை அசைவது, தண்ணீர் ஓடுவது, குருவி கத்துவது இவையெல்லாம் நம் முயற்சியே இல்லாமல் கவனத்தை லேசாகத் தாங்கிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்த கை ஓய்வெடுக்கிறது.

நீங்கள் சரி செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். விளம்பரம் நடுவில் பாய்ந்து வராதபடி ஒலிப்பதிவை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஓடி முடிந்ததும் தானே நிற்கும்படி வையுங்கள், போனைக் கவிழ்த்துப் போடுங்கள். படம் வேண்டாம், ஷிஃப்ட் முழுக்கத் திரை பார்த்த கண்ணுக்கு இன்னொரு திரை எதற்கு? என் அனுபவத்தில் தூக்கத்துக்குக் காதுதான் வழி. பெரும்பாக்கத்தில் இருப்பதால் இதையும் சேர்த்துக் கேட்கிறேன். 2022ல் ராம்சர் தளமான, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உங்களுக்குப் பக்கத்தில்தானே? வார விடுமுறையில் சாயங்காலம் சாலையோரம் பாதுகாப்பாக நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி சிவப்புக் காலை எடுத்து எடுத்து வைத்துக் கோரைக்குள் நடக்கும். அடுத்த நாள் ஹெட்போனில் கேட்கும் குரலுக்கு உங்கள் மனசில் ஒரு உருவம் கிடைத்துவிடும்.

கேள்வி: ஏழு வயது மகன் எந்நேரமும் யானை வீடியோ. ஆசையாக இருக்கிறானே என்று டாப்ஸ்லிப் காட்டுக்குக் கூட்டிப் போனோம். அரை மணி நேரத்தில் “போர் அடிக்குது, போன் குடு” என்கிறான். என்ன செய்வது?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அவனைக் கோபிக்காதீர்கள். அவன் பார்க்கும் வீடியோவில் பத்து விநாடிக்குள் யானை வந்துவிடுகிறது. அந்தப் பத்து விநாடிக்காக எடுத்தவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பது வீடியோவில் இல்லை. காடு அவனுக்குத் தப்பான இடம் போலத் தெரிகிறது, யானையே வராததால்.

நல்ல வீடியோவாகத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். யானைக்கு வாழைப்பழம் ஊட்டுவது, துரத்திக்கொண்டு ஓடுவது, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பது இவையெல்லாம் வேண்டாம். காட்டு மிருகத்தை விளையாட்டுப் பொருளாக நினைக்க வைக்கும். 2024 மே மாதம் ஆனைமலைக் காட்டில் ஒரு யானைக் குடும்பம் தூங்குவதை டிரோனில் எடுத்தது வந்ததே, அப்போது வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாஹு பகிர்ந்தது. பெரியவை சுற்றிப் படுத்திருக்க, நடுவில் குட்டி. அதை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். எத்தனை யானை எண்ணு, எது விழித்திருக்கிறது கண்டுபிடி என்று கேளுங்கள். அங்கே ஒன்றும் நடக்காது, ஆனால் பார்க்கப் பார்க்க நிறைய இருக்கும். அவனுக்குப் பழக வேண்டியது அதுதான். பிறகு வீட்டு வாசலில் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரைத் துண்டு வைத்து, இருவரும் குந்தி உட்காருங்கள். காட்டுக்கு அடுத்த வருடம் போகலாம்.

கேள்வி: டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். நோயாளிகள் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். எதிரே டிவியில் எப்போதும் நியூஸ் சானல் சண்டை. அதை மாற்றி இயற்கைக் காட்சி போடலாமா? சிலர், தலையில் மாட்டினால் காட்சிக்குள்ளேயே இருப்பது போலத் தோன்றும் வி.ஆர். கண்ணாடி வாங்கலாம் என்கிறார்கள்.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. உடனே மாற்றுங்கள். விவாதக் கூச்சலை, கையில் ஊசி ஏறியிருக்கும் மனிதரால் எழுந்து போய் அணைக்கவும் முடியாது.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஸ்நேக் ரிவர் சிறையில், நாளுக்கு 23 மணி நேரம் தனிக் கொட்டடியில் அடைபட்டிருப்பவர்களுக்கு இயற்கை வீடியோ காட்டும் அறை ஒன்றை அமைத்தார்கள். மர உச்சிகளில் ஏறி ஆராய்ச்சி செய்யும் நளினி நட்கர்ணி என்ற விஞ்ஞானி இதில் முன்னின்றவர். நீல வெளிச்சம் பரவியதால் அதற்கு நீல அறை என்றே பெயர். ஒரு வருடம் கணக்கெடுத்ததில், வீடியோ பார்த்தவர்கள் செய்த வன்முறைக் குற்றங்கள் பார்க்காதவர்களைவிட 26 சதவீதம் குறைவு என்று 2017ல் வெளியிட்டார்கள். வானமே தெரியாத இடத்தில் அடைபட்ட மனிதனுக்கு ஒரு திரை அவ்வளவு செய்கிறது.

வலி விஷயத்திலும் சான்று உண்டு. 2003ல், நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த 80 பேரில் பாதிப் பேருக்குக் கட்டில் பக்கத்தில் இயற்கைப் படமும் காதில் ஓடை, பறவைச் சத்தமும் கொடுத்தார்கள். வலி நன்றாகக் கட்டுப்பட்டது என்று சொன்னவர்கள் அந்தப் பக்கம் அதிகம். பதற்றம் மட்டும் குறையவில்லை. 2025ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் 49 பேருக்குக் கையில் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்துகொண்டே இயற்கை வீடியோவும் நகர வீடியோவும் காட்டினார்கள். இயற்கையைப் பார்த்தபோது வலி குறைவு என்று வாய் சொன்னதோடு, மூளையில் வலியை உள்வாங்கும் வேலையும் குறைந்திருந்தது. மாத்திரைக்குப் பதிலாக என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், மாத்திரையோடு சேர்த்துத்தான்.

வி.ஆர். கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2020ல் 96 பேரை வேண்டுமென்றே சலிப்படைய வைத்து, பிறகு கடலடிப் பவளப்பாறைக் காட்சியை டிவியிலும் வி.ஆரிலும் காட்டியது. டிவியிலேயே சலிப்பும் சோர்வும் இறங்கின. தானே நகர்த்திப் பார்க்கக்கூடிய வி.ஆரில் உற்சாகம் இன்னும் கூடியது, உண்மைதான். ஆனால் டயாலிசிஸில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றல் வருவது உங்களுக்கே தெரியும். நோயாளியின் கண்ணை மறைத்துத் தலையில் ஒன்றை மாட்டிவிட்டால் அதை நீங்கள் எப்படிக் கவனிப்பீர்கள்? டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

டிவி போதும். சத்தம் குறைவாக. ஒரே அருவி நாலு மணி நேரம் ஓடினாலும் அலுத்துவிடும், தாகத்தை அடக்கிப் படுத்திருப்பவருக்கு விழும் தண்ணீர் வேதனையாகக்கூட இருக்கலாம். அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வயல், தென்னந்தோப்பு, நாரை மேயும் சேறு, காவிரியில் தண்ணீர் வரும் நாள் என்று உங்கள் ஊரிலேயே எடுத்துவிடலாம். ஒருவருக்கு நியூஸ்தான் வேண்டும் என்றால் அவருக்கு ஹெட்போனில் நியூஸ் கொடுங்கள். ஊசி போட்டு மெஷினை ஓட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதற்கு முன்னால், “உங்க ஊர் எது? அங்க என்ன பாக்கணும்?” என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.